ஐம்பத்தெட்டில் போட்ட கோடு

1998 ஏப்ரல் 30. தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு மாலை, சால்வை, சமோசா, டீ. வயது 58. சரியாகப் பதிமூன்று நாள் கழித்து, மே 13 அன்று, ஓய்வு வயது 60 என்று ஆணை வந்தது. “சார், பதிமூணு நாள்ல கோட்டை விட்டுட்டீங்களே!” என்று பழைய நண்பர் போன் பண்ணினார். மே மாதம் 58 முடிந்த பக்கத்து மேஜைக்காரர் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ‘அனுபவசாலி’, நான் ‘பெரியவர்’. சம்பளம் போன வருத்தமும்தான், பொய் சொல்வானேன்!

அப்புறம்தான் இந்தக் கணக்கின் சரித்திரத்தைப் புரட்டினேன். வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற 55, 1962இல் 58 ஆயிற்று; 1998இல் 60. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு முதலில் 60, 1963ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 62. உச்ச நீதிமன்றத்திலோ 65. மேலே போனால் மூளைக்கு மூன்று வருஷம் சலுகை போலும்! நாடாளுமன்றத்துக்கு உச்சவரம்பே இல்லை. மொரார்ஜி தேசாய் 1977இல் பிரதமரானபோது வயது 81. ஆக, இது நிர்வாகம் தன் சௌகரியத்துக்குப் போட்ட கோடு. அதைத்தான் நாம் மனிதனின் திறமைக்கே போட்ட கோடாகப் படிக்கிறோம்.

ஒரு தனியார் கம்பெனிக்குக் கணக்கு வேலை கேட்டுப் போனேன். “இந்த வயசுல கம்ப்யூட்டர் கத்துக்க முடியுமா அங்கிள்?” என்றார் பையன். எங்கள் பிரிவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியல் போட்டவனே நான்தான். அதைக் கேட்க அவருக்கு நேரமில்லை.

உ.வே.சாமிநாதையர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல். அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937இல். பிறந்தது 1855, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1940இல். வேலையைவிட்டுப் போன ‘பெரியவர்’ செய்த வேலை இது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் தில்லிக்கே வருவோம். ரயில்வே 1990இல் 58 வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிய ஈ.ஸ்ரீதரன், கொங்கண் ரயில் பாதை போடும் வேலையை நடத்தி, 1997இல் மெட்ரோவை ஏற்றபோது 65. 2002 டிசம்பரில் ஷாதரா – தீஸ் ஹசாரி தடம் திறந்த முதல் வாரமே, கூட்டத்தில் இடிபட்டு நானும் ஏறினேன். ஒரு கல்லூரிப் பையன் சட்டென எழுந்து, “பைட்டியே பாபாஜி” என்றான். நல்ல பிள்ளை. உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அப்போது 62. அந்த ரயிலை ஓடவிட்டவருக்கு 70.