காரணம் தெரியாத கூலி வேறுபாடு: சுப்ரீத் கௌரின் ஆய்வுகளும் அம்பத்தூர்த் தொழில்வட்டாரமும்

தொழிலாளரின் உழைப்பூக்கம் கூலியின் அளவைப் பொறுத்தது என்பது பாடநூல் விடை. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுப்ரீத் கௌர் இந்தியாவில் நடத்திய கள ஆய்வுகள் இவ்விடையைத் திருத்தியிருக்கின்றன. அவற்றைச் சென்னையின் மேற்குப் புறநகரோடு பொருத்திப் பார்த்தால், ஊக்கம் ஆளெடுப்பு முறையிலேயே வேர்கொண்டிருப்பது புலப்படும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மைக்கேல் க்ரெமர், செந்தில் முல்லைநாதன் ஆகியோருடன் கௌர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின் களம், மைசூரின் தரவுப் பதிவு நிறுவனம் ஒன்று. இலக்கை எட்டாவிட்டால் கூலி பாதியாகும், எட்டினாலும் கூடுதலாக ஏதும் கிடைக்காது என்ற ஒப்பந்தத்தைத் தொழிலாளர் பலர் தாமே விரும்பி ஏற்றனர். சம்பள நாள் நெருங்க நெருங்க உற்பத்தியும் உயர்ந்தது. உழைக்கும் மனம் இல்லாததால்தான் உற்பத்தி குறைகிறது என்ற மேலாளர்களின் வழக்கமான கூற்றை இம்முடிவு மறுக்கிறது.

எமிலி ப்ரீஸா, யோகிதா ஷம்தாசானி ஆகியோருடன் கௌர் 2018-இல் வெளியிட்ட ஒடிசா ஆய்வு நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதில் தொழிலாளர் குழுக்கள் சிலவற்றில் அனைவருக்கும் ஒரே நாள்கூலி. சிலவற்றில் திறனுக்கேற்ப வெவ்வேறு கூலி. சக தொழிலாளியைவிடத் தனக்குக் குறைவு என்று அறிந்தவரின் உற்பத்தியும் வருகையும் சரிந்தன. ஆனால் அதிகக் கூலி பெறுபவர் அதிகம் செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் அச்சரிவு காணப்படவில்லை. ஊக்கத்தைக் கெடுப்பது வேறுபாடு மட்டுமன்று, காரணம் தெரியாத வேறுபாடு.

இனி சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருவோம். அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டதும், 1964-இல் தொழிற்பேட்டை அமைந்ததும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்ததும் இவ்வட்டாரத்தில் நிரந்தர வேலையை ஒரு தலைமுறையின் இலக்காக்கின. இன்று ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் பயிற்சியாளரும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் அருகருகே நிற்கிறார்கள். சம்பள வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிப்பது எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதுதான். ஒப்பந்ததாரர் வழி வந்தவர் அதே வேலையைச் செய்தால் அதே கூலி என்று 1971-இன் மத்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் வகுத்திருந்தும், வேறுபாடு நீடித்தது. ஒடிசாவில் சரிவைத் தடுத்த நிபந்தனை இங்கே இல்லை.

அனுபவ வேறுபாடே சம்பள வேறுபாட்டுக்குக் காரணம் என்று கூறலாம். அப்படியானால் அனுபவம் கூடக்கூட இடைவெளி குறைய வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வேறு ஒப்பந்ததாரரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒடிசாவில் நடந்த ஒரு மாதச் சோதனையை ஆலைக்குப் பொருத்தலாமா என்ற ஐயம் வலுவானது. சோதனையில் வேலைக்கு எடுப்பவரும் கூலி தருபவரும் ஒருவரே. இங்கே ஆளெடுப்பவர், வேலை வாங்குபவர், தங்குமிடம் தருபவர் வெவ்வேறானவர்கள். எனவே குறையை எவரிடம் சொல்வது என்பதே தெளிவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சானபோது, அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை 2022 ஜனவரி 12 வரை மூடப்பட்டிருந்தது. விடுதியில் தொடங்கிய குறை ஆலையின் உற்பத்தியையே நிறுத்தியது.

ஆகவே இவ்வட்டார ஆய்வுகள் கூலியோடு ஆளெடுப்பு வழியையும் தங்குமிடத்தையும் தனிக் காரணிகளாக அளக்க வேண்டும். ஆலைகள் சம்பள வேறுபாட்டின் அடிப்படையையும், நிரந்தரமாவதற்கான காலவரையறையையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தன் கூலிக்கான காரணத்தை அறிவது தொழிலாளியின் உரிமை. அதை மதிப்பது உற்பத்திக்கும் நன்மை.