ஹாக்கின்ஸின் நாற்காலியில் லெஸ்டர் யங்

1934-இல் பிளெட்சர் ஹெண்டர்சன் ஜாஸ் இசைக்குழுவில் லெஸ்டர் யங் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்தது கோல்மன் ஹாக்கின்ஸ் விட்டுச்சென்ற இடம். டெனர் சாக்ஸபோன் என்றாலே ஹாக்கின்ஸின் கனத்த, அதிரும் நாதம்தான் என்றிருந்த காலம். ஹெண்டர்சனின் மனைவி லியோரா ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, அப்படியே வாசிக்கச் சொன்னார். யங் மசியவில்லை. சில மாதங்களில் குழுவை விட்டே விலகினார்.

அவர் மனதில் குடியிருந்தது வேறொரு ஒலி. 1909-இல் மிசிசிப்பியில் பிறந்து, தந்தையின் குடும்பக் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு சாக்ஸபோனுக்கு வந்தவர் யங். அவரை ஈர்த்தவர் பிராங்கி டிரம்பாவர் என்ற வெள்ளையர். டெனரைவிடச் சற்றுச் சிறிய சி-மெலடி சாக்ஸபோன் அவருடைய கருவி. 1927-இல் கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்குடன் அவர் பதிவுசெய்த ‘சிங்கிங் தி புளூஸ்’ தட்டில் அந்த வாசிப்பு துளியும் பதறாமல், கதை சொல்வதுபோல நகரும். அந்தச் சிறிய கருவியின் ஒலியை டெனரில் கொண்டுவரவே முயன்றதாக யங் பிற்காலப் பேட்டிகளில் சொன்னார். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த மண்ணில் பிறந்த கறுப்பினக் கலைஞர் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது பெரிய மனசு.

1936 நவம்பரில், சிகாகோவில், பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் சிறு குழுவுடன் ‘லேடி பி குட்’ பதிவானது. அதிர்வைக் குறைத்து, தாளக் கட்டுகளைத் தாண்டி நீளும் வரிகளாக யங் வாசித்தார். ஸ்டான் கெட்ஸ், ஜூட் சிம்ஸ் போன்ற அடுத்த தலைமுறையினர் பின்பற்றியது அந்த வழியைத்தான்.