பிள்ளைகளின் மன அழுத்தம்: பெற்றோர் அறிய வேண்டியவை

"தேர்வு நெருங்கினாலே பிள்ளைக்குத் தலைவலி, வயிற்று வலி வருகிறது. ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள் ஹஜ்ரத்" என்று பெற்றோர் நம்மிடம் வருவதுண்டு. ஓதிக் கொடுக்கிறோம், ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்வே. ஆனால் பிள்ளையிடம் விசாரித்தால், காலையில் மக்தப், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவு 11 மணிவரை வீட்டுப்பாடம் என்று ஓய்வே இல்லாத ஒரு நாள் தெரிய வருகிறது.

10 முதல் 14 வயதுவரை உடலும் மனமும் வேகமாக மாறும் காலம். பெரும்பாலும் பாலிக் ஆகி, தொழுகையும் நோன்பும் கடமையாவதும் இந்த வயதில்தான். காரணமில்லாத எரிச்சல், தனிமை, தூக்கமின்மை, படிப்பில் பின்னடைவு ஆகியவை மன அழுத்தத்தின் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றை உடனே 'திமிர்' என்றோ 'ஈமான் குறைவு' என்றோ சொல்லிவிடக் கூடாது. யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காது கொடுங்கள்: யூசுஃப் (அலை) சிறுவயதில் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொன்னார்கள். தந்தை அதைக் கேலி செய்யவில்லை. கேட்டு, ஆலோசனை சொன்னார்கள். நம் பிள்ளை பேசும்போது நாம் கைபேசியைக் கீழே வைக்கிறோமா?

தூக்கம்: 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்கும் குறைந்த வயதினருக்கு 9 மணி நேரமாவது வேண்டும். 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு ஃபஜ்ருக்கு எழுந்தால் 6 மணி நேரமே கிடைக்கும். குறை ஃபஜ்ரில் இல்லை, படுக்கும் நேரத்தில் இருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். விடுமுறை நாளில் கைலூலா உறக்கமும் உதவும்.

விளையாட்டு: தினமும் ஒரு மணி நேரம் உடல் உழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது பெண் பிள்ளைகளுக்கும்தான். வயதுக்கு வந்ததும் அவர்களை மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

கோபம்: நின்றால் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் நாம் செய்து காட்ட வேண்டும்.

ஒப்பீடு வேண்டாம்: சிறுவயதிலேயே பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்களை, பத்தாண்டுகளில் ஒருமுறைகூட நபி (ஸல்) அவர்கள் 'ச்சீ' என்று சொன்னதில்லை. நாமோ மதிப்பெண் அட்டையைப் பார்த்ததும் பெரியம்மா மகனோடு ஒப்பிடுகிறோம்.

மருத்துவரிடம் எப்போது?

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று பிள்ளை சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. "அது ஹராம்" என்று அதட்டி வாயை அடைத்தால், அடுத்த முறை நம்மிடம் சொல்லாது. தனியே விடாமல் கூடவே இருங்கள். டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் கட்டணமின்றி 24 மணி நேரமும் இயங்குகின்றன.

மருத்துவம் செய்துகொள்ளும்படி சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம் வீடுகளை அவர்களுக்கு நிம்மதியாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.