குரலும் பாவையும்



ஒருவருடைய குரலை எடுத்து வேறோர் உருவத்திற்குப் பொருத்தினால், அந்த உருவமே பேசுவதாக நாம் எண்ணிவிடுகிறோம். இன்று கணிப்பொறித் திரையில் செயற்கை உருவங்கள் தோன்றி, பதிவு செய்யப்பட்ட மனிதக் குரலைக் கொண்டு பேசுகின்றன. நாம் கேட்டதற்கு விடையும் கூறுகின்றன. இது புத்தம் புதிய விந்தை போலத் தோன்றலாம். ஆயினும் இதற்கு நெடிய வரலாறு உண்டு.

நம் தோற்பாவைக் கூத்தில், விளக்கொளி படும் திரைக்குப் பின்னே அமர்ந்து, ஒரே கலைஞர் பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாவைகள் இராமகதைக்கு நடுவே உள்ளூர்ச் செய்தியையும் பேசும். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தால் பேச்சு வளரும். அயர்வு கண்டால் சுருங்கும். குரலுக்கு உரியவர் அங்கேயே இருந்தார் என்பதே அதற்குக் காரணம்.

அந்த நிலை 1877-ஆம் ஆண்டில் மாறியது. பதிந்த குரலைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் அவ்வாண்டில் அமைத்தார். 1890-இல் அவருடைய நிறுவனம் பேசும் பொம்மை ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மையின் உடலுக்குள் சிறிய ஒலிக்கருவி இருந்தது. பிடியைச் சுழற்றினால் குழந்தைப் பாட்டு ஒலிக்கும். பதிவு விரைவில் தேய்ந்துபோனமையால் சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. அப்பாட்டுகளைத் தொழிற்கூடத்துப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பாடிப் பதிந்தனர். பொம்மையை வாங்கிய வீட்டார்க்கு அப்பெண்கள் யாரென்று தெரியாது.

நம் வடசென்னைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. தமிழில் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31-ஆம் நாள், துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. கதைத்தலைவியாக நடித்த டி. பி. இராஜலட்சுமி தம் குரலிலேயே பேசினார், பாடினார். 1938-இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்திலோ, தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னிருந்து பாடினார். உருவம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் முறை தமிழ்த் திரையில் இவ்வாறு வேரூன்றியது.

குரல் தந்தவரின் பெயர் என்ன ஆயிற்று? 1949-இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டினைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் இசைத்தட்டிலே அச்சிடப்பட்ட பெயர் கதைப்பாத்திரத்தின் பெயராகிய ‘காமினி’! பாடியவர் யாரென்று வானொலி நேயர்கள் கேட்டெழுதிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. கேட்பவர் கேள்வி எழுப்பினால் மறைந்து நின்றவரின் பெயர் வெளிவரும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிறரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என் பிழையையும் சொல்ல வேண்டும். இராயபுரத்துப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரின் பேச்சினை ஒலிநாடாவில் பதிந்தேன். 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வருவதற்கு முன், கப்பற்சரக்கு எப்படித் தோள்மாறித் தோள்மாறிக் கரையேறியது என்பதை அவர் அழகாக விளக்கினார். சில மாதங்களில் அவர் காலமானார். பள்ளி ஆண்டு விழாவில், என் மாணவர் செய்த துணிப்பாவையை ஆட்டி, அவர் குரலை ஒலிக்கச் செய்தோம். “நண்பகலில் என் மனைவி கஞ்சி கொண்டுவருவாள்” என்று பாவை கூறியது. அவையில் இருந்த அவர் மனைவியார் தம்மை மறந்து, “கொண்டாந்தேனே!” என்றார். நாடா நிற்கவில்லை, அது அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அவர் எழுந்து என்னிடம் வந்து, “யாரைக் கேட்டு எங்க வீட்டுக்காரரைப் பேச வைச்சீங்க, சார்?” என்றார். பாடம் நடத்திப் பழகிய எனக்கு விடை கூற வாய் வரவில்லை.

மறுநாள் நாடாவை அவரிடமே ஒப்படைத்து மன்னிப்புக் கேட்டேன். ஓராண்டு கழித்து அவரே அதனைக் கொண்டுவந்து, “பிள்ளைங்க கேக்கட்டும்; ஆனா அவரு பேரைச் சொல்லிப் போடுங்க” என்றார். அன்றுமுதல் அப்படியே செய்தோம்.

அன்று அந்த நாடாவால் அவருக்கு விடை கூற இயலவில்லை. இன்றைய பொறியால் இயலும். இறந்தவர் சொல்லாத சொல்லையும் அவர் குரலில் சொல்ல இயலும். 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரஹ்மான் பாட வைத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் இசைவின்றிச் செயற்கையாக உருவாக்குவதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

மாணவர்களே, நாளை இத்தகைய பாவைகளை ஆக்கப்போகிறவர்கள் நீங்களே. ஆக்குங்கள், அறிவுக்கு அணை போட வேண்டுவதில்லை. ஆனால் பாவை வாய் திறக்கும் முன்னே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இக்குரல் யாருடையது? அவரையோ, அவரைச் சேர்ந்தவரையோ கேட்டோமா? இராயபுரத்து அம்மையார் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.