குரக்குவலியும் கொயினாவும்

மதுரை ஆரப்பாளையம் முதலாய வையைக் கரையூர்களில், இரவு உறக்கத்திடையே கெண்டைக்கால் தசை திடீரென இறுகி வருத்துதலை முதியோர் ‘நரம்பு இழுத்தது’ என்பர். இதனைக் குறிக்கும் ‘குரக்குவலி’ என்னும் சொல்லை அகராதிகளிற் காண்கிறோம். வளைதற்பொருள் தரும் ‘குரங்குதல்’ என்னும் வினையொடு அச்சொல்லை இயைத்துக் காண்டல் தகும். சொல் நமது, அந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய கொயினாவோ வேறொரு நோயின் பொருட்டுத் தமிழகம் புகுந்தது. அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அந்நாளில் முறைக்காய்ச்சலுக்கு மேனாட்டு மருத்துவர் தென்னமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டையையே நம்பியிருந்தனர். 1820இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சியர் இருவர் அப்பட்டையினின்று கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860இல் மார்க்கம் என்பார் நாற்றுகளை நீலகிரிக்குக் கொணர்ந்தார். அவை பெரும்பாலும் பட்டுப்போயினவேனும், பின்னர் வந்த விதைகளைக் கொண்டு மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை வளர்த்தார். இங்ஙனம் அயல்நாட்டு மருந்து தமிழக மலைப்பொருளாயிற்று.

காய்ச்சல் மருந்தாகிய கொயினா, தசையின் கிளர்ச்சியைத் தணிக்கும் இயல்பும் உடையது. நரம்பின் தூண்டுதலுக்குத் தசை மீண்டும் மீண்டும் சுருங்குதலை அது மட்டுப்படுத்தும். அதனால், 1940இல் மாசு, எர்மன் என்போர் இரவுக் குரக்குவலிக்கு அது பயன்படுதலை அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியிட்டனர். அதன்பின் அவ்வழக்கு உலகெங்கும் பரவியது.

வழக்கின் பரப்பு சான்றின் வலிமையாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டுக் காக்கிரேன் மதிப்பீடு, இரு வாரங்களில் வலியின் எண்ணிக்கை 28 விழுக்காடே குறைந்ததெனக் காட்டிற்று. மறுபுறம், குருதித் தட்டணுக்கள் குன்றுதலும் இதயத் துடிப்புப் பிறழ்தலும் சிலர்க்கு உயிர்க்கேடாயின. அமெரிக்க அரசு 1994இல் மருத்துவர் சீட்டின்றி இவ்வலிக்கு இதனை விற்றலை விலக்கியது; 2006இல் ஒப்புதல் பெறாக் கொயினா மருந்துகள் அனைத்தையும் நீக்க முற்பட்டது. மாற்றாகக் கருதப்பெற்ற மகனீசியமும் முதியோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் தருதல் அரிதென 2020ஆம் ஆண்டு மதிப்பீடு உரைக்கின்றது.

எனவே, ஒரு நோய்க்குச் சிறந்தமை பற்றியே ஒரு மருந்தைப் பிறிதொரு நோய்க்கும் கொள்ளுதல் பொருந்தாதென்பது இவ்வரலாற்றால் தெளியப்படும். மலைக்காய்ச்சலில் உயிர்காக்கும் பொருட்டு ஏற்கத்தக்க இடர், கணப்பொழுதில் நீங்கும் வலியின் பொருட்டு ஏற்கத்தக்கதன்று. வலி எழுங்கால் பாதத்தை முழங்கால் நோக்கி மடக்கித் தசையை நீட்டுதலே இன்றும் முதற்கண் கொள்ளத்தக்க முறையாக நிற்கின்றது.