எஞ்சிய நான்கு மாதங்கள்

1939 ஒக்டோபரில், போர் தொடங்கி ஒரு மாதமே கழிந்திருந்த வேளையில், பிரித்தானிய விவசாய அமைச்சர் சேர் ரெஜினோல்ட் டோர்மன்-ஸ்மித் மக்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார். பின்னாளில் பர்மாவின் ஆளுநராக இருந்தவர் இவர். இன்னும் ஐந்து இலட்சம் வாடகைத் தோட்டத் துண்டுகளில் ஒழுங்காகப் பயிரிட்டால், மேலும் 10 இலட்சம் பெரியவர்களுக்கும் 15 இலட்சம் சிறுவர்களுக்கும் ஆண்டில் எட்டு மாதங்களுக்கு உருளைக்கிழங்கும் மரக்கறியும் கிடைக்கும் என்பதே அக்கணக்கு.

அப்படியானால் எஞ்சிய நான்கு மாதங்கள்?

உணவின் பெரும்பகுதியைக் கப்பல்களில் எதிர்பார்த்திருந்த நாடு அது. ஜேர்மனிய நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைத் தேடித் திரிந்தன. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரிட்டனி வெங்காயமும் நின்றுபோனது. இலண்டன் கோபுரத்தின் அகழியிலும் மரக்கறிப் பாத்திகள் தோன்றின. ஆனால் மண்ணைக் கொத்துவதற்கு ஆர்வம் போதும். மாரியில் உண்பதற்குத் திட்டம் வேண்டும். கோடையில் கொட்டிக் கிடப்பதும் குளிர்காலத்தில் பாத்தி வெறுமையாகக் கிடப்பதும் புதிய தோட்டக்காரரின் வழமையான தவறு.

இங்கேதான் நாற்று பிடுங்கி நடும் கலை முக்கியம் பெறுகிறது. உறைபனியைத் தாங்கி நிற்கும் லீக்ஸ், கேல் கீரை, பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் ஆகியவற்றை வசந்தத்தில் சிறிய நாற்றுமேடையில் விதைத்து, கோடையில் நிலையான இடத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதோ தோட்டம் நிறைந்திருக்கும். முன்விளைவு உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் எடுத்த கையோடு அவ்விடத்தை மாரிப் பயிருக்கு ஒதுக்குபவருக்கே ஜனவரியில் சோறு. லீக்ஸுக்கு ஓர் எளிய முறை உண்டு: கம்பினால் ஆறங்குலத் துளையிட்டு, நாற்றை உள்ளே இறக்கி, மண் போடாமல் நீர் மட்டும் ஊற்றிவிடுவார்கள். மண் தானாகவே மெல்லச் சரிந்து தண்டை வெண்மையாக்கும்.

இதனை உணர்ந்த அமைச்சு 1941இல் 90 அடி நீளமும் 30 அடி அகலமுமான துண்டுக்கு ஒரு வரைபடம் வெளியிட்டது. நிலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பங்கு முழுவதும் மாரி, வசந்தகாலக் கீரை வகைகளுக்கு விடப்பட்டது. பங்குகள் ஆண்டுதோறும் இடம் மாறும். கோடைக்கு மட்டுமன்றி மாரிக்கும் பயிரிடுங்கள் என்பதே புதிய முழக்கம். ஞாயிறு பிற்பகல்களில் பி.பி.சி. வானொலியில் சி. எச். மிடில்டன் தோட்டம் பற்றிப் பேசியதை இலட்சக்கணக்கானோர் கேட்டனர்.

இடம் மாறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாரிப் பயிர் வசந்தம்வரை நிற்கும். அடுத்த பயிருக்கோ அந்நிலம் உடனே வேண்டும். அனுபவசாலிகள் எஞ்சிய லீக்ஸை வேரோடு கிளப்பி, ஒரு மூலையில் சிறு அகழி வெட்டி நெருக்கமாகச் சாய்த்து மண்ணால் மூடிவைப்பர். பாத்தி விடுபடும், கறியும் கெடாது.

1943 அளவில் வாடகைத் தோட்டத் துண்டுகள் ஏறக்குறைய 14 இலட்சமாகின. மரக்கறிக்குப் பங்கீட்டு அட்டை தேவைப்படவில்லை. ஆயினும் இயற்கை எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்பட்டதன்று. போர் முடிந்தபின், 1947 பெப்ரவரியில், நிலம் கல்லாக உறைந்து, கிழங்கு கிளப்ப வீதி உடைக்கும் துளைப்பான்களைக் கொண்டுவர நேர்ந்தது.

பஞ்சத்தை நாம் களஞ்சியங்களில் தேடுகிறோம். அது வருமா வராதா என்பதோ, பாத்தி நிறைந்திருக்கும் கோடையிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.