முருகையும் பவளமும்

இலங்கைத்துறை முதல் திருக்கோணமலை வரையுள்ள கரைக்கு அண்மையிலேயே ஆழ்கடல் உளது. கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கடற்பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் மேலாக ஆழ்ந்து செல்கின்றது. கரையோர முருகைக்கல்லையே கண்டு பழகியோர்க்கு, ஒளிபுகா அவ்வாழத்திலும் பவள இனங்கள் வாழ்தல் கூடும் என்பது வியப்பளிக்கலாம்.

இந்தியக் கடலளவைக் கப்பலான ‘இன்வெஸ்டிகேற்றர்’ இந்து சமுத்திரத்தின் ஆழத்திற் சேகரித்தவற்றுள், கற்பவளங்களை அல்கொக் 1898இலும், எண்கைப் பவளங்களைத் தொம்சன், ஹெண்டர்சன் இருவரும் 1906இலும் கல்கத்தாவில் வெளியான நூல்களில் விவரித்தனர். அவர்கள் வடிவங்கொண்டு வகுத்தனர். இரசாயனமும் அவ்வேறுபாட்டுக்குச் சான்று பகர்கின்றது.

கற்பவளத்தின் எலும்பு அரகனைற்று என்னும் கல்சியங் காபனேற்று. செம்பவளமோ மகனீசியங் கலந்த கல்சைற்று. மூங்கிற்பவளத்திற் சுண்ணத் துண்டுகளும் புரதக் கணுக்களும் மாறிமாறி அமைந்துள. கரும்பவளத்தின் எலும்போ சுண்ணாம்பன்று, புரதமும் கைற்றினுமே.

ஆகவே, யவன வணிகர் முசிறிக்குக் கொணர்ந்த மத்தியதரைக் கடற் பவளமும், ஈழத்துச் சூளைகளில் நீறாகிய முருகையும் ஒரு பொருளல்ல. இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. காபனீரொட்சைட்டைக் கடல் மிகுதியாக உட்கொள்ளும் இக்காலத்தில், சுண்ண எலும்புடையனவே கரையும் அபாயத்தை முதலில் எதிர்கொள்வன. எவ்வினம் எதனாலானது என அறியாதார், எதனைக் காக்கவேண்டுமென்பதையும் அறியார்.